இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே

ஹபீபுர் ரஹ்மான் ஏலம் விட்டால், லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்கூடக் குரலில் மயங்கிக் கையைத் தூக்கிவிடுவான் என்று மயிலாப்பூரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சில் பாதி அவரே கிளப்பிவிட்டது. மீதிப் பாதி நிஜம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சுயம்புலிங்கம் நடத்திய ஏலக்கடை லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வேலை மாற்றலாகிப் போகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள், சொத்தைப் பிரிக்கத் தெரியாமல் அடித்துக்கொள்கிற அண்ணன் தம்பிகள் என்று எல்லோர் வீட்டுக் கட்டிலும் பீரோவும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹபீபுர் ரஹ்மான் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாரென்றால் கடைசிச் சாமான் கைமாறும்வரை இறங்கமாட்டார். கையில் மரச்சுத்தி, வாயில் அதிமதுரத் துண்டு. மைக் வாடகைக்கு எடுப்பதைவிட ஹபீபுர் ரஹ்மான் மலிவு என்பது சுயம்புலிங்கத்தின் கணக்கு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பட்டணத்துக்கு வந்து கடை வைத்தவர். கணக்கு சும்மா இருக்குமா?

அந்த அதிமதுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற வேர்தான். மென்றால் தித்திக்கும். தொண்டைக்கு இதம். பாட்டுக்காரர்கள் கச்சேரிக்கு முன்னால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வார்கள், அத்தோடு சரி. ஹபீபுர் ரஹ்மானோ காலையில் பல் விளக்கியதும் ஒரு துண்டு, பிறகு டீக்கு முன்னால் ஒன்று, டீக்குப் பின்னால் ஒன்று என்று, மற்றவர்கள் வெற்றிலை போடுவதுபோல் நாளெல்லாம் மென்றார். வருஷத்துக்கு வருஷம் துண்டுகள் கூடிக்கொண்டே போயின. குரல்தான் அவருடைய சோறு, குரலுக்குச் சோறு அதிமதுரம். இதைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தச்சன் உளியைத் தீட்டினால் யார் ஏன் என்று கேட்கிறார்கள்?

எழுபத்து மூன்றாம் வருஷம் கோடையில் அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. கோடையில் தாகம் எடுப்பது அதிசயமா என்று முதலில் விட்டுவிட்டார். மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டுப் பானை விடியும்போது நிறைந்திருக்கும், வெயில் ஏறுவதற்குள் கவிழ்ந்திருக்கும். குடித்த தண்ணீர் உடம்பில் தங்கினால் பரவாயில்லை. ஒரு வாசலில் வாங்கி மறு வாசலில் அனுப்புவதுபோல், உள்ளே போனது உடனே வெளியே போகணும் என்று அடம்பிடித்தது. குழாய்த் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் போனது. அவர் பல்லவன் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். நடந்தால் சுவர்கள் உண்டு.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மானம் போனது. ஒரு தேக்கு பீரோ ஏலத்தில் இருந்தது. பழைய சாமான் வியாபாரி வலியுல்லா நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். ஹபீபுர் ரஹ்மான் ஒரு தரம் சொன்னார், ரெண்டு தரம் சொன்னார். மூன்றாவது தரம் சொல்ல வாயைத் திறந்தவர் சுத்தியை ஸ்டூலில் வைத்துவிட்டு, இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிக் கொல்லைப் பக்கம் ஓடினார்.

ஏலம் என்றால் என்ன? மனிதனை யோசிக்கவிடாமல் செய்வது. அதற்குத்தான் அத்தனை கத்தலும் சுத்தித் தட்டலும். ஆள் ஓடிவிட்டால் கூட்டம் யோசிக்காமல் என்ன செய்யும்? வலியுல்லா சும்மா நிற்கப் பிடிக்காமல் பீரோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பலகையே இல்லை. கரையான் அந்த வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. ஹபீபுர் ரஹ்மான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தபோது, வலியுல்லா கைகட்டி நின்று, ரெண்டு தரம் ஆறிப்போச்சு பாய், புதுசா ஆரம்பிங்க என்றார். சந்து முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும், அவர் ரெண்டு தரம் என்றவுடனே கூட்டத்தில் யாராவது ஒருவன் கொல்லைக்கு வழிவிடுவான்.

சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் கடையை அடைத்தபின் அவரை உட்காரவைத்துப் பேசினார். மார்கழியில் அடையாற்றில் ஒரு பெரிய பங்களா ஏலத்துக்கு வருகிறது. செத்துப்போன வக்கீலின் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வந்ததும் சாமான் முழுக்க ஒரே நாளில் விற்றாக வேண்டும். இந்த மாதிரி ஒன்று கடைக்கு இதற்கு முன் வந்ததில்லை.

"பாய், அதுவரைக்கும் நீரு வீட்டுல கிடந்து உடம்பைப் பாரும். சில்லறை ஏலத்தைக் கணேசமூர்த்தி பாத்துக்கிடுவான். பங்களா ஏலத்துக்கு நீருதான். ஆனா அன்னைக்கு நீரு பாதியில ஸ்டூலை விட்டு இறங்குனீருன்னா, அவன் ஏறுவான். ஏறுனா இறங்கமாட்டான். எம் பொண்டாட்டி தம்பி. நான் சொன்னாலும் இறங்கமாட்டான்."

கணேசமூர்த்தி பக்கத்தில்தான் நின்றிருந்தான். குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஆனால் ஆசைக்குக் குரல் எதற்கு? ஹபீபுர் ரஹ்மான் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷமாக உட்கார்ந்த ஸ்டூல். அதைவிட்டால் ஐம்பது வயதில் எந்த வேலைக்குப் போவது? மூட்டை தூக்கவா?

நோய் என்னவென்று கண்டுபிடித்தது அதே கணேசமூர்த்திதான். மறுநாள் காலையே எல்லோரையும் கொல்லைக்குக் கூப்பிட்டு, ஹபீபுர் ரஹ்மான் வழக்கமாக ஒதுங்குகிற சுவரோரத்தைக் காட்டினான். எறும்பு. சாரைசாரையாக எறும்பு. எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி என்பது ஊரறிந்த சங்கதி. இதற்கு டாக்டர் எதற்கு, பீஸ் எதற்கு? அன்று சாயங்காலத்துக்குள் ஹபீபுர் ரஹ்மானுக்குச் சக்கரை என்று லஸ்ஸிலிருந்து மீர்சாகிப்பேட்டைவரை தெரிந்துவிட்டது. ஒதுங்கப் போகும்போதெல்லாம் வாயில் மென்ற தித்திப்புச் சக்கையை அவர் அந்தச் சுவரோரத்தில்தான் துப்பிவிட்டு வருவார் என்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவர் உட்பட.

வீட்டில் மனைவி நஸ்ருன்னிசா சமையற்கட்டை ராணுவ ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்தாள். டீயில் சர்க்கரை கிடையாது. வாழைப்பழம் கிடையாது, மாம்பழம் கிடையாது, இளநீர் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய்ச் சாறு. அவர் குடிக்கும்வரை எதிரில் நிற்பாள். புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு உசிர். டாக்டரிடம் போகலாம் என்றாள். சக்கரைக்காரனுக்குத் தினமும் ஊசி போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்த அவர், பாகற்காயே போதும் என்று கும்பிடு போட்டார்.

தித்திப்பு என்று அவருக்கு மிச்சம் இருந்தது அதிமதுரம் ஒன்றுதான். அது சக்கரைக்காரருக்கு ஆகுமா என்று நஸ்ருன்னிசா பொறுப்பாக நாட்டு மருந்துக் கடையில் கேட்டாள். அது வேர்தானே, சீனியா, தாராளமாகக் கொடுங்கள் என்றார் கடைக்காரர். அவளும் தாராளமாகவே கொடுத்தாள். மெல்லுவதற்குத் துண்டு தனி, மாலையில் இடித்துக் கொதிக்கவைத்த கஷாயம் தனி. பாவம் மனுஷன், வாய்க்கு வேறு என்ன இருக்கிறது என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

தாகம் குறைந்ததா? கூடியது. ரமலான் வந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோன்பையும் விடாதவர், நோன்போடு ஏலம் விட்டவர், முதல் நாள் மதியமே தண்ணீர்ப் பானைக்கு எதிரில் தோற்று உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் அழுதார். ஸ்டூல் போவதுகூட அப்படி வலிக்கவில்லை. அதன்பின் கால்கள் கனத்தன. மாடிப்படியில் பாதியில் நின்றார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் சுத்தியை எடுத்துத் தட்டிப் பார்த்தபோது அது கையிலிருந்து நழுவி விழுந்தது. பங்களா ஏலத்துக்கு இன்னும் இரண்டு மாசம்தான் இருந்தது. அதற்குமேல் நஸ்ருன்னிசா அவரைக் கேட்கவில்லை. ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் புஷ்பம் கறாரான பெண்மணி. காலையெல்லாம் வார்டில் பேசி, மதியமெல்லாம் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தொண்டை கரகரத்துப்போனவர். அவர் ஹபீபுர் ரஹ்மானின் சிறுநீரில் நீலநிற மருந்தைக் கலந்து கொதிக்கவைக்கச் சொன்னார். சர்க்கரை இருந்தால் நிறம் மாறிச் செங்கல் நிறத்துக்குப் போக வேண்டும். நீலம் நீலமாகவே நின்றது. ரத்தத்திலும் சர்க்கரை இல்லை. நஸ்ருன்னிசா நம்பவில்லை. எறும்பு மொய்த்ததே, ஊரே பார்த்ததே என்று வாதாடினாள்.

"எறும்பு எம்.பி.பி.எஸ். படிக்கலைம்மா" என்றார் டாக்டர்.

பிறகு ஒரு சோதனை வைத்தார்கள். தண்ணீரே குடிக்காமல் இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் வராவிட்டால் சிறுநீரகம் சுதாரித்துக்கொண்டு, இருக்கிற நீரை உடம்புக்குத் திருப்பிவிட்டு, சிறுநீரைக் கெட்டியாகக் கொஞ்சமாக அனுப்பும். அதுதான் அதன் வேலை. கெட்டியானதா என்று பார்க்க, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மிதவையைப் போடுவார்கள். கெட்டியாக இருந்தால் மிதவை மேலே நிற்கும். ஹபீபுர் ரஹ்மானின் மிதவை, வெறும் தண்ணீரில் போட்டதுபோல் அமிழ்ந்தே கிடந்தது. இந்த ஆள் எங்கேயோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று நர்ஸ் பேச்சியம்மாளுக்குச் சந்தேகம். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலோரம் இருந்த பூ ஜாடியைக்கூட எடுத்து அப்பால் வைத்தாள், அவர் அதைப் பார்த்த பார்வை அப்படி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிதவை மேலே வரவே இல்லை.

டாக்டர் ரத்தத்தை மறுபடி அனுப்பினார். இந்த முறை பொட்டாசியம் பார்க்க. தீயில் காட்டி நிறத்தை அளக்கிற ஒரு மெஷின் அங்கே இருந்தது. பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ரத்தக் கொதிப்பும் ஏறியிருந்தது. கால் கனத்ததும் சுத்தி நழுவியதும் அதனால்தான். ஆனால் பொட்டாசியம் எங்கே போயிற்று? வாந்தி உண்டா, பேதிக்கு மருந்து எடுப்பதுண்டா, வேறு ஏதாவது மாத்திரை உண்டா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். எதுவும் இல்லை என்று ஹபீபுர் ரஹ்மான் சத்தியம் செய்தார். பொய் சொல்லவில்லை. அதிமதுரம் அவருக்கு மருந்தும் இல்லை, தீனியும் இல்லை. தொழில் சாமான். சுத்தியைப் பற்றி டாக்டரிடம் சொல்வார்களா?

அப்படியானால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியில் கட்டி இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டிவரலாம் என்றார் டாக்டர். நஸ்ருன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள். ஹபீபுர் ரஹ்மானுக்குப் பங்களாவும் ஸ்டூலும் கண்ணிலிருந்து மறைந்தன. கத்தி மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலை வார்டுக்கு வந்த டாக்டருக்குக் குரலே எழும்பவில்லை. கேட்ட கேள்வியையே மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. ஹபீபுர் ரஹ்மானுக்கு மனசு கேட்கவில்லை. தன்னை அறுக்கப்போகிறவர்தான் என்றாலும் தொண்டை தொண்டைதானே. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நல்லதாக ஒரு துண்டு பொறுக்கி நீட்டினார்.

"வாயில போட்டுக்குங்க டாக்டரம்மா. கச்சேரிக்காரங்களே இதாலதான் பொழைக்கிறாங்க."

டாக்டர் அதை வாங்கி முகர்ந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். அது எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்தார்.

"இதை எத்தனை நாளா மெல்றீங்க?"

"நாளா? ஸ்டூல்ல ஏறுன காலத்துலேர்ந்து."

டாக்டர் புஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளிநாட்டில் இந்த வேரைப் போட்டு மிட்டாய் செய்கிறார்களாம். அதை அளவில்லாமல் தின்றவர்களுக்கு இதே கதி வந்ததாக ஒரு மருத்துவப் பத்திரிகையில் அவர் படித்திருந்தார். அதிமதுரம் அளவுக்கு மீறினால் உடம்பை ஏமாற்றி, உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லி, பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியே தள்ளவைக்கும். அது சரி, பொட்டாசியம் போனால் தாகம் எதற்கு என்று ஹபீபுர் ரஹ்மான் கேட்டார்.

"தண்ணியைச் சிக்கனம் பண்ணுன்னு மூளையிலேர்ந்து கிட்னிக்கு உத்தரவு வந்துகிட்டே இருக்கும். பொட்டாசியம் குறைஞ்சா அந்த உத்தரவு கிட்னிக்குக் காது கேக்காது. நீங்க ஸ்டூல்ல உக்காந்து கத்துறீங்க, கீழே நிக்கிறவன் செவிடு. அவ்வளவுதான்."

ஏலக்காரனுக்கு இதைவிடப் புரியும்படி யார் சொல்லமுடியும்? அவர் தலையை ஆட்டினார். ஆனால் நஸ்ருன்னிசா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். எதில் பொட்டாசியம் இருக்கிறது என்று கேட்டாள். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு என்று டாக்டர் சொல்லச்சொல்ல அவள் முகம் சுண்டிப்போனது. எதையெல்லாம் நிறுத்தினாளோ அதே வரிசையில் அவர் சொல்லிக்கொண்டு போனார்.

"நல்லதையெல்லாம் புடுங்கிட்டு அந்த வேரைக் காய்ச்சிக் குடுத்தது நான்தானே" என்றாள் அவள்.

"நீ குடுத்தே. மென்னது என் வாய்" என்றார் அவர். அவள் அதற்குமேல் அழாமல் இருக்கட்டும் என்று, பாகற்காய்ச் சாற்றுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அறுவை இல்லை. பொட்டாசிய மருந்து கொடுத்தார்கள்; குமட்டியது. வீட்டில் வாழைத்தார் தொங்கியது. நொச்சிக்குப்பத்துப் பக்கமிருந்து ஒரு ஆள் இளநீர் கொண்டுவந்து போட்டான். ஒரேயடியாகச் சரியாகவில்லை. சிறுநீரகத்துக்குக் காது திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. பானை மெல்ல மெல்லப் பகல் முழுக்கத் தாங்க ஆரம்பித்தது. கால் வந்தது, கை வந்தது. ஆனால் அதிமதுரத்தை இனித் தொடவே கூடாது, தொட்டால் இதயமே நின்றுபோகலாம் என்று டாக்டர் ஆணையிட்டிருந்தார். இருபது வருஷமாக அதில் ஊறிக்கிடந்த தொண்டை, அது இல்லாமல் வறண்டு கரகரத்தது. ஆளைக் காப்பாற்றியாயிற்று, ஏலக்காரனைக் காப்பாற்றுவது யார்?

பங்களா ஏலம் வந்தது. அடையாற்று மரநிழலில் அவ்வளவு கூட்டத்தை ஹபீபுர் ரஹ்மான் கண்டதில்லை. தி.நகர் நகைக்கடைக்காரர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள், பழைய சாமான் வியாபாரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர் ஸ்டூலில் ஏறியபோது கூட்டத்தில் யாரோ தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான், கழிவறை அங்கே என்று. சிரிப்பு எழுந்தது. கணேசமூர்த்தி புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றான்.

சாப்பாட்டு மேஜை போயிற்று. கட்டில்கள் போயின. சட்டப் புத்தகங்கள் எடைக்குப் போயின. ஒவ்வொரு முறையும் ரெண்டு தரம் என்றவுடன் கூட்டம் அவருடைய கால்களைப் பார்த்தது. கால்கள் அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆனால் தொண்டை மட்டும் ஒவ்வொரு சாமானோடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சுயம்புலிங்கத்தின் நெற்றி சுருங்கியது.

கடைசியில் பியானோ. வக்கீலின் மனைவி வாசித்தது. கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வலியுல்லா அதன்மேல் கண் வைத்திருந்தார். விலை ஏறி ஏறி அவர் சொன்னதில் வந்து நின்றது. ஹபீபுர் ரஹ்மான் ஒரு தரம் என்றார், முன்வரிசைக்குக் கேட்டது. ரெண்டு தரம் என்றார், காற்றுதான் வந்தது. மூன்றாவதுக்கு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். தன் கதை முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கணேசமூர்த்தி சுத்தியை வாங்கக் கையை நீட்டினான். அவர் ஸ்டூலிலிருந்து ஒரு காலைக் கீழே வைக்கப்போனார்.

"காலைத் தூக்கு பாய்" என்றார் வலியுல்லா. பிறகு கணேசமூர்த்தியைப் பார்த்தார். "அவரு ஒண்ணுக்குப் போனப்போவே காத்துக்கினு இருந்தவங்க நாங்க. தொண்டைக்குக் காத்துக்கினு இருக்க மாட்டமா? நீ தள்ளி நில்லு நைனா."

கூட்டம் சிரித்தது, ஆனால் யாரும் நகரவில்லை. யாரோ ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹபீபுர் ரஹ்மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் குடித்தார். காத்திருந்தால் அடுத்தவன் யோசிப்பான், யோசித்தால் பொருள் கைமாறும் என்பது வலியுல்லாவுக்குத் தெரியாததா? அப்படியே நடந்தது. அந்த அமைதியில் ஒரு நகைக்கடைக்காரர், பியானோ கேட்டு அடம்பிடிக்கிற தன் மகளை நினைத்துக்கொண்டு, இன்னும் கூட்டிக் கேட்டுக் கையைத் தூக்கிவிட்டார். ஹபீபுர் ரஹ்மான் வலியுல்லாவைப் பார்த்தார். வலியுல்லா அதற்குமேல் விலை கேட்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று நூல் மாதிரி ஒரு குரல் வந்தது. அது தெருக்கதவுவரை கேட்டது, ஏனென்றால் அங்கே ஒருவரும் மூச்சுவிடவில்லை. சுத்தி விழுந்தது.

"போச்சு பியானோ" என்றார் வலியுல்லா. "போனா போவுது, எறங்கி வா பாய், டீ சாப்பிடலாம்."